இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர்

கார்காலம் அவ்வாண்டு காலந்தாழ்ந்து வந்தது. வந்தபின் போக மறந்தது. வானம் என்ற ஒன்று இருந்ததற்கான அடையாளத்தையே மேகங்கள் துடைத்துவிட்டன. காலையும் மாலையும் ஒரே சாம்பற்போர்வையின் இரு முனைகளாகத் தொங்கின. மழை கொட்டவுமில்லை, ஓயவுமில்லை. துயருற்றவர் வாய்ச்சொற்களைப் போல விட்டுவிட்டு, நினைத்து நினைத்து விழுந்தது. கூரை விளிம்புகளில் துளிகள் திரண்டு, தயங்கி, பின் தம்மைக் கைவிட்டன. பிரிந்தவர் மீளும் பருவம் என்று முன்னோர் இதனைப் பாடி வைத்தார்கள். ஆயின் பருவம் வந்தும் வரவேண்டியவர் வாராத வீட்டில், அதே மழை எத்துணைப் பெரிய கொடுமை என்பதை வாயிற்கதவின் தாழைக் கேட்டால் அதுவே சொல்லும்.

அப்படி ஆறு நாட்களாகத் தாழிடப்படாத கதவுக்குரிய பெண், பல்மருத்துவர் அறைக்கும் தையற்கடைக்கும் இடைப்பட்ட அந்த மாடியறையில், காலை ஒன்பதரை மணிக்கு வந்து அமர்ந்திருந்தாள். பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை, வயது இருபத்தேழு. குடையை மடக்கவும் மறந்து மடியில் வைத்திருந்தாள்.

எதிரே இருந்தவர் கண்ணாடியம்மா. காப்பீட்டு நிறுவனமொன்றில் இருபதாண்டுக் காலம் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டியெடுத்துவிட்டு, இப்போது தனியே துப்பறிபவர். தடித்த மூக்குக்கண்ணாடி தந்த பெயர் அது. அவரும் அதை மறுத்ததில்லை. சன்னலோரம் நின்றிருந்த உதவியாளர் முன்னாள் வாடகைக்கார் ஓட்டுநர். பயணிகளின் காதை அறுத்துப் பெற்ற பட்டம், ரம்பம்.

“அம்மா, அந்தக் குடைய இப்படிக் குடுங்க. மடியில ஒரு குளமே கட்டிட்டீங்க,” என்றார் ரம்பம். “அக்கா, இவங்க அப்பாவத் தேடறதுக்குள்ள இவங்களுக்கே ஜன்னி வந்துடும்.”

“நீ கொஞ்சம் வாய மூடினா எனக்கு வராது,” என்ற கண்ணாடியம்மா, பெண்ணின் பக்கம் திரும்பினார். “அப்பா லிஃப்ட் மெக்கானிக்னு சொன்னே. எப்படிப்பட்டவரு?”

“பேச்சுக் கம்மிம்மா. வீட்டுலயும் லிஃப்ட் பேச்சுதான். லிஃப்ட் நின்னா எல்லாரும் மோட்டாரப் பாக்க ஓடுவாங்க, நான் முதல்ல கதவப் பாப்பேன்பாரு. கம்பிக்கதவு ஒரு விரல் திறந்திருந்தாக்கூட லிஃப்ட் நகராதாம். எனக்கு அம்மா இல்ல. அவருதான் எல்லாம்.”

“போன அன்னைக்கு என்ன நடந்தது?”

அவள் விரல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. “சண்டை போட்டேன்.”

“எதுக்கு?”

“பேருக்கு.”

அவள் நீட்டிய தாள், காணாமற்போனவர் பற்றிக் காவல் நிலையத்தில் தந்த புகாரின் நகல். முதற்பெயர் என்ற கட்டத்தில் நான்கெழுத்துப் பெயரொன்று இருந்தது. குடும்பப் பெயர் என்ற அடுத்த கட்டத்திலும் அதே நான்கெழுத்து. ஆனால் இரண்டாவதன் மீது சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில், ‘இல்லை’.

“இத அடிச்சது யாரு?”

“அங்க இருந்த எழுத்தர். பதட்டத்துல ஒரே பேர ரெண்டு கட்டத்துலயும் எழுதிட்டீங்கம்மான்னாரு. இல்ல சார், எங்கப்பா பேரும் அதான், அவங்கப்பா பேரும் அதான்னேன். சிரிச்சுக்கிட்டே அடிச்சுட்டாரு.”

“அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பேரா? கூப்பிட்டா ரெண்டு பேரும் இல்ல ஓடி வருவாங்க!” என்றார் ரம்பம்.

“ரெண்டு பேரும் ஒருநாள்கூட ஒண்ணா இருந்ததில்ல சார். அப்பா பொறக்க ரெண்டு மாசம் இருக்கும்போதே தாத்தா போயிட்டாரு. அந்தப் பேரையே பிள்ளைக்கு வெச்சுட்டாங்க. எங்க வீட்டுல அப்பா பேருதான் பிள்ளைக்குக் குடும்பப் பேரு. அதனால அப்பாவுக்கு முன்னாடியும் அதே பேரு, பின்னாடியும் அதே பேரு. எனக்குப் பின்னாடி அது.”

ரம்பம் வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். அது அரிதினும் அரிய நிகழ்ச்சி.

“வெளிநாட்டு வேலைக்கு மனு போட்டேன்,” என்று அவள் தொடர்ந்தாள். “அப்பாவோட விவரம் தப்புன்னு மூணு தடவ திருப்பிட்டாங்க. மூணாவது தடவ வந்தன்னைக்கு எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. குடும்பப் பேர மாத்தப் போறேன், மனு எழுதிட்டேன்னேன். அதோட விட்டிருக்கலாம். ‘உங்களுக்கு வேற பேரு வெக்க உங்கம்மாவுக்குத் தோணவே இல்லையா’ன்னும் கேட்டுட்டேன். ஒண்ணுமே பேசல. சாப்பிடாம, பையத் தூக்கிக்கிட்டுப் போனாரு. அஞ்சு ஆஸ்பத்திரில பேரச் சொல்லிக் கேட்டாச்சு. இல்லைங்கறாங்க. என் மேல இருக்கற வருத்தத்துல எங்கயாவது… அவரு கோவத்துல போயிருந்தா பரவால்ல, எங்கயோ இருக்காருன்னு இருப்பேன். உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க.”

கண்ணாடியம்மா தாளை மேசைமேல் விரித்தார். சிவப்புக் கோட்டின் மீது நகத்தை வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல இழுத்தார். பின் வலமிருந்து இடமாக.

“ரம்பம், கண்ணால பாத்தவன் இத அடிச்சுட்டான். காதால கேட்டவன் என்ன செஞ்சிருப்பான்?”

“புரியலக்கா.”

“நான் டாக்டர், நீ நோயாளி. உன் பேரு?”

“ரம்பம்.”

“குடும்பப் பேரு?”

“ரம்பம்னு வெச்சுக்குங்க.”

“அப்பா பேரு?”

“ரம்…” அவர் நிறுத்தினார். “அய்யய்யோ. மண்டைல அடிபட்டு ஏதோ உளர்றான்னுல்ல நெனப்பாங்க!”

“அப்போ ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல அவரு பேரே ஏறியிருக்காது. பேரக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க. நாம கேக்க வேண்டியது பேர இல்ல.” அவர் தொலைபேசியை இழுத்தார். “எதக் கேட்டாலும் ஒரே பதில் சொல்ற ஆளு எந்த வார்டுல இருக்காருன்னு கேக்கணும்.”

“அப்படி ஒருத்தி எங்க வீட்டுலயே இருக்கா. எதக் கேட்டாலும் ‘முடியாது’ம்பா.”

முதல் மருத்துவமனையில் வசைதான் கிடைத்தது. இரண்டாவதில், காத்திருக்கச் சொல்லிவிட்டு மறந்தேபோனார்கள். மூன்றாவதில் களைத்த பெண்குரல் ஒன்று, கேள்வி முடியுமுன்பே சொன்னது: “எங்க எதிரொலியக் கேக்கறீங்களா? நாலாம் மாடி, ஆண்கள் வார்டு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு மனநோய்க் காப்பகத்துக்கு மாத்தறாங்க. பாக்கணும்னா சீக்கிரம் வாங்க. அங்க போயிட்டா கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் வெளிய வர முடியாது. மாசக்கணக்கா ஆகும்.”

மணி பத்து ஐம்பது.

ரம்பத்தின் கார் மழையைக் கிழித்துக்கொண்டு போனது என்று எழுத ஆசைதான். உண்மையில் அது மூன்று இடங்களில் நின்று, ஓரிடத்தில் தள்ளப்பட்டு, பதினொன்று முப்பத்தைந்துக்கு மருத்துவமனையின் பின்வாயிலை அடைந்தது. நான்கு மாடிகளையும் படியேறியே கடந்தார்கள். லிஃப்ட் முன் ஒரு கூட்டம் நின்று எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அதற்காகக் காத்திருக்க நேரமில்லை.

பன்னிரண்டாம் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பு அப்போதுதான் உருவப்பட்டிருந்தது; தலையணையில் மட்டும் ஒரு பள்ளம் எஞ்சியிருந்தது. பெண் அந்தப் பள்ளத்தின் மேல் கையை வைத்து நின்றுவிட்டாள்.

“மழைன்னு வண்டி முன்னாடியே வந்துடுச்சு,” என்றார் செவிலி. தொலைபேசியில் பேசிய அதே களைத்த குரல். “பதினொன்னேகாலுக்கே சக்கர நாற்காலில கீழ அனுப்பிட்டோம்.”

“ரம்பம், வண்டி போயிடுச்சான்னு பாரு. ஓடு!”

“நாலு மாடி ஏறின மூச்சே இன்னும் மூணாவதுலதான்க்கா வருது,” என்றபடியே அவர் ஓடினார்.

கண்ணாடியம்மா செவிலியின் மேசையில் கிடந்த தாளை எடுத்தார். நினைவுநிலைச் சோதனைத் தாள். நான்கு கேள்விகள், நான்கு விடைகள், நான்கு பெருக்கற்குறிகள்.

“நீங்கதான் கேட்டீங்களா?”

“நான்தான். ஸ்கூட்டர் இடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. பை, போன் எதுவும் இல்ல. தாடை விரிசல், கட்டுப் போட்டிருக்கு. வலது கைல மாவுக்கட்டு. எழுத முடியாதுன்னு பேனாவே குடுக்கல. ஒரு வார்த்த பேசினாலே கண்ணு கலங்கிடும். முதற்பெயர்னு கேட்டேன், ஒண்ணு சொன்னாரு. குடும்பப் பெயர்னு கேட்டேன், அதையே சொன்னாரு. தந்தையோட முதற்பெயர், மறுபடி அதே. பிள்ளைகளோட குடும்பப் பெயர்…” செவிலி சற்று நிறுத்தினார். “அதுக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்புறம் அதுக்கும் அதே பேரு.”

பெண் தலையணையிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தோள்கள் மட்டும் குலுங்கின.

கண்ணாடியம்மா தம் பேனாவைத் திறந்து, நான்கு பெருக்கற்குறிகளின் மேலும் நான்கு சரிக்குறிகளை இட்டார். “நாலுக்கு நாலு. உங்க வார்டுல இவரளவுக்குத் தெளிவான ஆளு வேற யாரும் இல்ல சிஸ்டர்.”

செவிலியின் முகம் வெளுத்தது. “ஆனா… தினமும் கேட்டேன்மா. நானே அவருகிட்ட, ரெண்டாவதுக்கு ஏதாவது வேற பேரு சொல்லிடுங்க ஐயா, டாக்டர் விட்டுடுவாருன்னுகூட சொன்னேன். தலைய ஆட்டிட்டாரு. அஞ்சு நாளும் மாத்திச் சொல்லவே இல்ல.”

“அஞ்சாவது கேள்வி என்ன? வெறுமனே இருக்கே.”

“வசிக்கும் முகவரி. ஆறாவது, தொழில். ஆனா அடியில பாருங்க, ‘முதல் நான்கும் தவறெனில் மேற்கொண்டு கேட்க வேண்டாம்’னு போட்டிருக்கு. அதனால கேக்கல. அவரா ஏதாவது முனகினா தூக்க ஊசி போடணும்னு உத்தரவு. போட்டேன்.”

மெய்யே பேசியதற்காக ஒருவன் பித்தனாக்கப்பட்டான். ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடு சேர்ந்திருப்பான். தந்தையின் முகத்தை அவன் கண்டதில்லை. கைக்கெட்டியது அப்பெயர் ஒன்றே. அதை விட்டுக்கொடுத்து விடுதலை பெற அவன் ஒப்பவில்லை.

கதவில் ரம்பம் தோன்றினார், மூச்சிரைப்பில் பேச்சு வரவில்லை. இரண்டு விரலைக் காட்டினார். பின் கீழே காட்டினார்.

“வண்டி… வாசல்லயே நிக்குது. டிரைவர் ஊரையே திட்டிக்கிட்டு இருக்கான். ஆளு இன்னும் கீழ வரல. லிஃப்ட் ரெண்டாம் மாடிக்கு மேல அந்தரத்துல தொங்குது. உள்ள பணியாளரும் எதிரொலியும். இருபத்தஞ்சு நிமிஷமா!”

“பழுதா?”

“அதான் வேடிக்கை. லிஃப்ட் காவலாளி மோட்டார் அறைக்குப் போய்ப் பாத்துட்டாரு. மோட்டார் நல்லாருக்கு, கரன்ட் இருக்கு, கயிறு சரியாருக்கு. எல்லாமே சரி, ஆனா நகரல.”

கண்ணாடியம்மாவின் இதழ்க்கோடியில், அன்று முதன்முறையாக, ஒரு புன்னகையின் நிழல் தோன்றியது. “எல்லாரும் மோட்டாரப் பாக்க ஓடிட்டாங்களா? நாம கதவப் பாப்போம், வா.”

இரண்டாம் மாடியின் லிஃப்ட் வாயிலில் பணிமருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். அது பழங்கால லிஃப்ட். வெளியே ஒரு கம்பிக்கதவு, உள்ளே ஒரு கம்பிக்கதவு. கூண்டு பாதி மாடிக்கு மேலே நின்றுவிட்டதால், கீழிருந்து பார்ப்பவர்க்கு உள்ளிருப்போரின் கால்கள் மட்டுமே தெரிந்தன. பணியாளரின் செருப்புக் கால்கள் பொறுமையிழந்து உலாவின; பொத்தான்களை அவர் மாறிமாறி அழுத்தும் ஒலி கேட்டது. அருகே நாற்காலியின் இரு சக்கரங்கள். அவற்றின் மேல் கனத்த போர்வை.

போர்வைக்கு வெளியே, ஈரக்குளிரில், ஒரு வெறுங்கால்.

“ரம்பம், அந்தக் கட்டைவிரலப் பாத்தியா?”

ரம்பம் தரையில் மண்டியிட்டு அண்ணாந்து பார்த்தார். உள்கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் இடையே அந்தக் கட்டைவிரல் செருகியிருந்தது. கதவு ஒரு விரல், சரியாக ஒரே ஒரு விரல், திறந்திருந்தது.

“அடப்பாவி மனுஷா!” என்றார் அவர், வணக்கம் சொல்லும் குரலில். “கையையும் வாயையும் கட்டிப் போட்டாங்க. ஒரு கால் விரலால ஆஸ்பத்திரியவே நிறுத்தி வெச்சிருக்காரு!”

மருத்துவர் திரும்பினார். “யார் நீங்க? இது என்ன கூத்து? அந்த நோயாளிக்குச் சித்தம் சரியில்ல.”

“சித்தம் சரியில்லாதவரா இருந்தா இந்நேரம் உங்க வண்டில போயிருப்பாரு டாக்டர். கட்டு, ஊசி எல்லாத்தையும் மீறி, தனக்குக் கைவந்த இடத்துக்கு வந்ததும் யாராவது தேடி வரட்டும்னு நிறுத்திட்டாரு. இவங்க அவரோட மக.”

“எதக் கேட்டாலும் ஒரே பேரச் சொல்றாரும்மா!”

“நீங்க கேட்டது நாலும் ஒரே பேருக்கான கேள்வி. கருணை பண்ணி அஞ்சாவதக் கேளுங்க.”

மருத்துவர் கண்ணாடியம்மாவை முறைத்தார். பின் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “ஐயா,” என்று மேல்நோக்கிக் குரல் கொடுத்தார், “நீங்க எங்க குடியிருக்கீங்க?”

உலாவிய கால்கள் நின்றன. பெண் கம்பிக்கதவை இரு கைகளாலும் பற்றியிருந்தாள். பிறகு, கட்டுண்ட தாடையின் வழியே, ஒவ்வொன்றாகச் சொற்கள் இறங்கின.

“பதினேழாம்… நம்பர். அச்சகத்துக்கு… மேல. மூணாவது மாடி. லிஃப்ட்… கெடையாது.”

ரம்பம் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“தொழில்?”

“லிஃப்ட்… மெக்கானிக்.”

மருத்துவரின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. “இந்த லிஃப்டுக்கு என்ன பழுதுங்க?”

“பழுது… இல்ல.”

“அப்பா!” என்றாள் அவள். “அப்பா, நான்தான். கீழ நிக்கறேன்.”

கட்டைவிரல் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு சட்டத்தில் பொருந்தும் சிற்றொலி எழுந்தது. பணியாளர் மீண்டும் பொத்தானை அழுத்த, கூண்டு ஒருமுறை நடுங்கி, நீண்ட பெருமூச்சோடு இறங்கி வந்து, மகளின் முன் நின்றது.

கட்டுகளுக்கு இடையே இரு கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் மண்டியிட்டு, குளிர்ந்திருந்த அந்தக் காலைத் தன் இரு கைகளுக்குள் பொதிந்துகொண்டாள். காப்பக வண்டி வெறுமையாகத் திரும்பிப் போகும் ஒலி கீழிருந்து கேட்டது.

பன்னிரண்டாம் கட்டிலுக்கே அவரை மீண்டும் அழைத்து வந்தார்கள். செவிலி புதிய தாளொன்றைக் கொண்டுவந்து வைத்தார். நோயாளியின் கண்ணை அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மெக்கானிக் இடக்கையால் பேனாவை வாங்கினார். கோணல்மாணலாக, ஆயினும் சிதையாமல், முதற்பெயர்க் கட்டத்தில் அந்த நான்கெழுத்தை எழுதினார். குடும்பப் பெயரில் எழுதினார். தந்தையின் முதற்பெயரில் எழுதினார். நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிள்ளைகளின் குடும்பப் பெயர். அவர் மகளைப் பார்க்கவில்லை; கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நகருங்கப்பா,” என்றாள் அவள். “உங்க கையெழுத்து எப்பவுமே கோழி கிண்டின மாதிரிதான்.”

பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தை அவளே நிரப்பினாள். எழுத்துகள் அச்சிட்டவை போல் நின்றன.

“மனு என்னாச்சு…” என்று கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“வெளிநாட்டு வேலைக்கு நாலாவது தடவையும் போடுவேன். திருப்பி அனுப்பினா அஞ்சாவது தடவ. இதே பேருல. யாருக்குப் பொறுமை போகுதுன்னு பாப்போம்.”

ரம்பம் எதையோ சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியம்மா அவர் காலை மிதித்தார். இருவரும் வாயிற்புறம் ஒதுங்கி நின்றார்கள்.

மெக்கானிக் தாளை இடக்கையில் எடுத்தார். தந்தையின் பெயர் இருந்த கட்டத்தைத் தேடி, அதை வலக்கண்ணில் ஒற்றினார், இடக்கண்ணில் ஒற்றினார். பிறவா முன்பே பிரிந்தவனுக்குச் செய்யும் வழிபாடு அவ்வளவே. வாழ்நாளெல்லாம் அவர் செய்துவந்ததும் அதுவே போலும். கண்ணை மூடி ஒரு கணம் இருந்துவிட்டு, தாளை நீட்டினார்.

அதை வாங்கக் குனிந்த செவிலி நிமிரவில்லை. “மன்னிச்சிடுங்கய்யா. நான் கேட்டிருக்கணும்,” என்றார்.

சன்னலுக்கு வெளியே, எத்தனையோ நாட்களுக்குப் பின், மேகம் ஓரிடத்தில் நெகிழ்ந்து வெளிச்சம் விட்டது. மெக்கானிக்கின் இடக்கை உயர்ந்து, குனிந்த அந்தத் தலைமேல் அமர்ந்தது.

“நல்லா… இரும்மா.”